கண் நீர் அழுத்த நோயும் பார்வைப் பாதுகாப்பும்

எண்சாண் உடம்பிற்குச் சிரசே பிரதானம் என்பது நம் நாட்டு முதுமொழி. அச்சிரசின்கண் அமைந்த உறுப்புகளுள் தலையாயது யாது என்று வினவின், கண்ணே என்று சிறு குழந்தையும் விடையிறுக்கும். நாம் அருமை பாராட்டும் மக்களைக் ‘கண்ணே’ என்றும் ‘கண்மணியே’ என்றும் அழைத்து மகிழ்கிறோம். ஆயினும், அவ்வருமை சொல்லளவில் நிற்பதன்றிச் செயலளவிற்கு வருதல் அரிதாகவே இருக்கிறது. பல் வலித்தால் வைத்தியரை நாடுகிறோம். காய்ச்சல் கண்டால் மருந்துண்கிறோம். கண் வலியாதிருக்கும் வரையில் அதனை நினைப்பார் இலர். ‘கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்’ என்னும் பழமொழி, நம் இயல்பை நன்கறிந்த ஒருவர் வாய்மொழியே ஆதல் வேண்டும்.

இப்பழமொழி எழுத்துக்கு எழுத்து மெய்யாகும் நோய் ஒன்று உண்டு. அதனை மேனாட்டார் கிளாக்கோமா என்பர். தமிழில் கண் நீர் அழுத்த நோய் என்று வழங்குகிறோம். கண்புரையால் பார்வை மங்கினவர், புரையை அகற்றிச் செயற்கை வில்லை பொருத்தப்பெற்றால் மீண்டும் காணலாம். கண் நீர் அழுத்த நோயால் இழந்த பார்வையையோ, இன்றளவும் எந்த வைத்தியராலும் மீட்டுத் தர இயலவில்லை. எஞ்சிய பார்வையைக் காத்தல் மட்டுமே இயலும். ஆதலின், இந்நோயைப் பற்றி அறிய வேண்டுவனவற்றுள் முதன்மையானது இதுவே: பார்வை நன்றாயிருக்கிறது என்று நாம் எண்ணுவது, நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. இக்கூற்று வியப்பாகத் தோன்றலாம். அதனை மெய்ப்பிக்க ஒரு சிறு சோதனையை முதற்கண் செய்து பார்ப்போம்.

ஒரு சிறு சோதனை

ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு பெருக்கற்குறியும், அதற்கு நேரே வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கரும்புள்ளியும் இடுங்கள். இடக் கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலக் கண்ணால் பெருக்கற்குறியையே உற்று நோக்குங்கள். தாளை ஒரு முழத் தொலைவிலிருந்து மெல்ல மெல்ல முகத்தருகே கொணருங்கள். ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தொலைவிற்கு வரும்போது கரும்புள்ளி சட்டென மறைந்துவிடும். இன்னும் அருகே கொணர்ந்தால் மீண்டும் தோன்றும்.

புள்ளி மறைந்த இடத்தில் நீங்கள் கண்டது யாது? கரிய ஓட்டையையா? அன்று. வெள்ளைத் தாளையே கண்டீர்கள். பார்வை நரம்பு விழியை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் அணுக்கள் இல்லை. ஆகவே நம் ஒவ்வொரு கண்ணிலும் பிறவியிலேயே ஒரு குருட்டிடம் அமைந்திருக்கிறது. பிரான்சு நாட்டு அறிஞர் எட்மே மரியாட் என்பவர் 17-ஆம் நூற்றாண்டில் இதனைக் கண்டறிந்து வெளியிட்டார். இருபது ஆண்டுகளாக நாம் இக்குறையோடு வாழ்ந்தும் அதனை உணர்ந்தோமில்லை. ஏனெனில், ஒரு கண் காணாத இடத்தை மற்றொரு கண் கண்டு நிரப்புகிறது. ஒற்றைக் கண்ணால் நோக்கும்போதும் மூளை சுற்றுப்புறத்தின் நிறத்தைக் கொண்டே அவ்வெற்றிடத்தை மூடிவிடுகிறது.

இறைவன் நமக்கருளிய இவ்வசதியே கண் நீர் அழுத்த நோய்க்கு மறைவிடமாகிறது. நோயால் பார்வையில் விழும் ஓட்டைகளையும் மூளை இவ்வாறே மூடிக்கொண்டு வருகிறது. மூட இயலாத நிலை வருங்காலத்தில், பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது.

கண்ணின் அமைப்பும் நீரோட்டமும்

இந்நோயின் பெயரில் வரும் நீர், அழும்போது கன்னத்தில் வழியும் கண்ணீர் அன்று. அஃது இமைக்கு வெளியே சுரப்பது. இது விழிக்கு உள்ளே சுரப்பது. விழியின் முகப்பில் கண்ணாடி போல் விளங்கும் படலம் ஒன்று உண்டு. அதற்குப் பின்னே கருநிறத் திரையும், அத்திரையின் நடுவே பாவை எனப்படும் துவாரமும், அதன் பின் வில்லையும் உள்ளன. கருந்திரைக்குப் பின்னுள்ள சதைப்பகுதியில் தெளிந்த நீர் ஓயாது ஊறுகிறது. அந்நீர் பாவையின் வழியே முன்னறைக்கு வந்து, வில்லைக்கும் முகப்புப் படலத்திற்கும் உணவளித்து, கருந்திரையும் முகப்புப் படலமும் கூடும் கோணத்திலுள்ள சல்லடை போன்ற வடிகால் வழியே வெளியேறி இரத்தத்திற் கலக்கிறது. அது மிகச் சிறிய ஊற்றே. ஒரு சொட்டு ஊற ஏறக்குறைய இருபது நிமிஷம் ஆகும்.

நம் ஊர் ஏரியை இதற்கு உவமையாகக் கூறலாம். வரத்துக் கால்வாயில் வரும் நீரும் மதகு வழியே செல்லும் நீரும் ஒத்திருக்கும் வரையில் ஏரியின் நீர்மட்டம் நிலையாய் நிற்கும். மதகில் வண்டல் அடைத்துக்கொண்டால் நீர்மட்டம் ஏறும். கரையின் நலிந்த இடத்தில் உடைப்பு எடுக்கும். கண்ணிலும் அவ்வாறே. நலமுள்ள கண்ணின் உள்ளழுத்தம் பெரும்பாலும் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இருக்கும். வடிகால் அடைபட்டால் அழுத்தம் மிகும். விழியாகிய ஏரியின் நலிந்த கரை யாதெனின், அதுவே பார்வை நரம்பு வெளியேறும் இடம். ஏறக்குறைய 10 இலட்சம் நுண்ணிழைகள் ஒருங்கு சேர்ந்து அவ்விடத்தே ஒரு கயிறாகத் திரண்டு மூளைக்குச் செல்கின்றன. மிகுந்த அழுத்தம் அவ்விழைகளை ஒவ்வொன்றாக நசுக்கி மாய்க்கிறது. மாய்ந்த இழை மீண்டும் முளைப்பதில்லை.

சிலருக்கு அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. வேறு சிலருக்கு அழுத்தம் சற்று மிகுந்தும் நரம்பு கெடாதிருப்பதுண்டு. கரையின் உறுதி ஏரிக்கு ஏரி வேறுபடுதல் போலவே இதுவும் என்க. ஆகவே இந்நோய் அழுத்தத்தின் பெயரால் வழங்கினும், மெய்யாகவே அது பார்வை நரம்பின் நோயாம்.

இருவகை நோய்

இந்நோயில் தலையாய வகைகள் இரண்டு. முதலாவது திறந்த கோண வகை. இதில் வடிகாலின் வாய் திறந்தே இருக்கும்; உள்ளே சல்லடை சிறிது சிறிதாக அடைபடும். வலி இராது, சிவப்பும் இராது. நோய் முற்றும் வரையில் நேர்ப்பார்வை கெடாமையால் புத்தகம் படிக்கலாம். ஊசியில் நூல் கோக்கலாம். பக்கப் பார்வையே முதலிற் குறையும். படியில் கால் இடறுதல், பக்கத்தே வரும் வண்டியைக் காணாமை, வாயிற்காலில் தோள் இடித்துக்கொள்ளுதல் முதலியவற்றை வயோதிகத்தின் தளர்ச்சி என்றோ கவனக்குறைவு என்றோ எண்ணிவிடுகிறோம்.

இரண்டாவது மூடிய கோண வகை. இயல்பாகவே குறுகிய கோணமுள்ள கண்களில், கருந்திரை முன்னே சரிந்து வடிகாலின் வாயை மூடிவிடுகிறது. சிலருக்கு இது மெல்ல நிகழும். சிலருக்கோ திடீரென்று நிகழும். பாவை விரியும் மங்கிய வெளிச்சத்தில் நேர்வதும் உண்டு. அப்போது கண்ணிலும் நெற்றியிலும் பொறுக்கலாற்றாத வலி, கண் சிவத்தல், பார்வை மங்கல், விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம், குமட்டல், வாந்தி ஆகியவை தோன்றும். இதனைப் பித்த வாந்தி என்றும் ஒற்றைத் தலைவலி என்றும் கருதிக் கஷாயமும் தைலமும் இட்டு இரவைக் கழிப்பாருண்டு. அவ்விரவு கழிவதற்குள் பார்வையும் கழிந்துவிடக் கூடும். கண் சிவந்து, பார்வை மங்கி, வாந்தியும் வலியும் கூடினால், ஒரு நாழிகையும் தாழ்க்காமல் கண் மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

குழந்தைகளிடத்தும் இந்நோய் அரிதாகக் காணப்படும். பச்சிளங் குழந்தையின் விழி அளவுக்கு மீறிப் பெரிதாய், ஓயாது நீர் வடிந்து, வெளிச்சத்திற்குக் கூசி, முகப்புப் படலம் மங்கியிருப்பின், ‘எவ்வளவு பெரிய அழகிய கண்!’ என்று மகிழ்ந்திராமல் உடனே வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

வைத்தியம் வளர்ந்த வரலாறு

ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் மில்டன் பெருமகனாரை அறிவர். அவர் 1652-ஆம் ஆண்டிற்குள் இரு கண்ணும் இழந்தார். 1654-இல் பிலாரஸ் என்னும் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், தம் பார்வை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுக மங்கியதையும், இடக் கண் முந்திக் கெட்டதையும், விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தோன்றியதையும் அவர் விவரித்துள்ளார். அவரைப் பீடித்தது கண் நீர் அழுத்த நோயே என்பார் சிலர். வேறு நோய் என்பார் பலர். அவ்வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் அவர் கண்கள் வெளித்தோற்றத்திற்குக் குறையொன்றுமின்றி விளங்கின என்பது அவரே கூறிய செய்தி. அக்காலத்து வைத்தியருக்கு விழியின் உட்புறத்தைக் காணும் கருவி இல்லை. 1851-இல் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தாம் அமைத்த கருவியைப் பற்றி வெளியிட்ட பிறகே, உயிருள்ள மனிதனின் பார்வை நரம்பை வைத்தியர் கண்ணாரக் கண்டனர். ஆறாண்டுகள் கழித்து, 1857-இல், ஆல்பிரெக்ட் வான் கிராஃபே என்பவர் கருந்திரையில் ஒரு பகுதியை வெட்டியெடுத்து இந்நோயைத் தணிக்கலாம் என்று உலகிற்கு அறிவித்தார்.

இவ்வரலாற்றில் நம் சென்னை மாநகருக்கும் சிறந்த இடம் உண்டு. 1819-இல் தோன்றி, பின்னர் எழும்பூரில் நிலைபெற்ற அரசினர் கண் மருத்துவமனையின் தலைவராக ராபர்ட் ஹென்றி எலியட் என்பவர் பணியாற்றினார். 1909-ஆம் ஆண்டில் அவர் ஒரு புதிய சிகிச்சையைக் கையாளத் தொடங்கினார். வெண்விழியும் முகப்புப் படலமும் கூடும் விளிம்பில், வட்டமான சிறு துளைக்கருவியால் 2 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு வில்லையை வெட்டியெடுத்து, அத்துளையை மேற்தோலால் மூடிவிடுவார். உள்நீர் அத்தோலின் அடியிற் கசிந்து வடியும். மதகு அடைபட்ட ஏரிக்குப் புதிய கலிங்கு ஒன்று அமைத்தாற் போல்வது இது. எழும்பூரிற் பிறந்த இம்முறை எலியட்டின் பெயராலேயே பல நாடுகளிலும் பரவிப் பல்லாண்டுகள் கையாளப்பட்டது. 1968-இல் கெய்ர்ன்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் வெளியிட்ட திருத்தமான முறை அதன் இடத்தைப் பெற்றது. அதுவே சிற்சில மாறுதல்களுடன் இன்றும் செய்யப்படுகிறது.

சொட்டு மருந்துகளும் வளர்ந்தன. 1970-ஆம் ஆண்டுகளின் இறுதியில் டைமலால் என்னும் மருந்து வழக்கிற்கு வந்து நீர் ஊறுதலைக் குறைத்தது. 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற லாட்டனோபிராஸ்ட் நீர் வெளியேறும் வழியைப் பெருக்குகிறது. அதனை நாளுக்கு ஒரு முறை இட்டாற் போதும். மூடிய கோண வகைக்கு, லேசர் ஒளியால் கருந்திரையில் நுண்துளை இட்டு நீருக்கு வழி செய்கின்றனர். நோய் வராத மற்றொரு கண்ணுக்கும் முன்கூட்டியே இதனைச் செய்துவிடுவதுண்டு.

இம்மருந்துகளாற் பயன் உண்டோ என்று ஐயுறுவார்க்கு ஒரு விடை உண்டு. அழுத்தம் மிகுந்தும் நரம்பு இன்னும் கெடாதிருந்த 1,636 பேரை அமெரிக்க வைத்தியர் இரு பிரிவாக்கி ஆராய்ந்து, அதன் முடிவை 2002-இல் வெளியிட்டனர். ஐந்தாண்டு முடிவில், மருந்திடாதாருள் நூற்றுக்கு 9.5 பேருக்கு நோய் தோன்றிற்று; மருந்திட்டாருள் 4.4 பேருக்கே தோன்றிற்று. அதாவது, ஒழுங்காய் இட்ட சொட்டு மருந்து நோயைப் பாதிக்கு மேல் தடுத்தது.

யார் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும்?

நாற்பது வயது கடந்தோர் யாவரும் எச்சரிக்கைக்கு உரியர். பெற்றோர்க்கோ உடன்பிறந்தார்க்கோ இந்நோய் இருப்பின், மற்றையோரைவிடப் பன்மடங்கு எச்சரிக்கை வேண்டும். கிட்டப்பார்வை மிகுந்தோரும், கண்ணில் அடிபட்டோரும் இவ்வரிசையிற் சேர்வர். தூரப்பார்வைக் குறையுடையோர்க்கு மூடிய கோண வகை நேர்தல் மிகுதி.

தாமே தேடிக்கொள்ளும் தீங்கு ஒன்றும் உளது. கண் அரிப்புக்கும் சிவப்புக்கும் கடையில் வாங்கி இடும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஸ்டீராய்டு என்னும் பொருள் கலந்துள்ளது. இட்டவுடன் சுகம் தோன்றுதலால், அதனையே மாதக்கணக்கில் இட்டுக்கொள்வாருண்டு. அது பலருக்குக் கண்ணழுத்தத்தை ஏற்றிப் பார்வை நரம்பைக் கெடுத்துவிடும். இளைஞரும் இதற்கு விலக்கல்லர். வைத்தியர் எழுதித் தராத கண் மருந்தை ஒருபோதும் தொடுதலாகாது. இந்நோயுள்ளோர் சிரசாசனம் செய்தலும் தகாது. தலை கீழாய் நிற்கும்போது கண்ணழுத்தம் வெகுவாக ஏறுகிறது.

பரிசோதனை வலியற்றது. அழுத்தத்தை அளத்தல், வடிகாற் கோணத்தை நோக்குதல், பார்வை நரம்பின் முகத்தை ஆராய்தல், பக்கப் பார்வையின் பரப்பைக் கணித்தல் என அது நான்கு பகுதியினது. கண்ணாடி வாங்குமிடத்தில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவதோடு அமைதல் போதாது. அழுத்தம் ஒன்றை மட்டும் அளந்து மீளுதலும் போதாது. ‘நரம்பைப் பார்த்தீர்களா, ஐயா?’ என்று வைத்தியரைப் பணிவுடன் வினவுதல் தவறன்று.

ஓர் இல்லத்தில் நிகழ்வது

நம் ஊர்களில் பலகாலும் நிகழ்வதொன்றைக் கூறுவேன். ஐம்பத்தைந்து வயதுள்ள தந்தை ஒருவர், ‘ஒரு கண் சற்று மங்கலாயிருக்கிறது’ என்கிறார். ‘புரையாயிருக்கும், முற்றட்டும், பிறகு அறுத்துக்கொள்ளலாம்’ என்கின்றனர் வீட்டார். புரையாயின் அவ்வாறு காத்திருத்தலாற் பெருங்கேடு விளையாதிருக்கலாம். ஆனால் அது நீர் அழுத்த நோயாயின், காத்திருந்த ஒவ்வொரு மாதமும் மீளாத மாதமாம். மகள் திருமணம் முடியட்டும், அறுவடை முடியட்டும் என்று நாட்கள் கழிகின்றன. ஈராண்டு சென்றபின் வைத்தியர் முன் அமர்ந்து, ‘அறுத்துப் பார்வை தாருங்கள்’ என்று கை கூப்பும்போது, அவர் தரக்கூடியது ஆறுதல் ஒன்றே. அவ்வில்லத்தார் அன்பில்லாதவர் அல்லர்; அறியாதவர்.

இவ்வறியாமை எத்துணைப் பெரிதென்பதைத் தென்தமிழகத்தின் நாட்டுப்புறங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையார் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டும். நாற்பது வயதிற்கு மேற்பட்ட ஐயாயிரத்துக்கும் அதிகமானோரை அவர்கள் சோதித்தனர். நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு இந்நோய் காணப்பட்டது. அவருள் மிகப் பெரும்பாலோர், தமக்கு நோய் உண்டென்பதை அச்சோதனை நாள்வரை அறியாதிருந்தனர்.

மருந்திடும் முறை

நோய் கண்டறியப்பட்ட பின்னரும் ஓர் இடர் உண்டு. சொட்டு மருந்தை இடுவதால் பார்வை தெளிவதில்லை. விடுவதால் உடனே மங்குவதுமில்லை. ஆகவே ‘இதனாற் பயன் என்ன?’ என்று பலர் சில திங்களில் நிறுத்திவிடுகின்றனர். ஏரிக்கரையைக் காப்பவன் கரை உடையாதிருப்பதையே தன் பயனாகக் கொள்கிறான். சொட்டு மருந்தின் பயனும் அதுவே.

அதனை இடுதற்கு ஒரு முறையுண்டு. கையைக் கழுவிக்கொண்டு, அண்ணாந்து, கீழிமையைச் சிறிது தாழ்த்தி, புட்டியின் நுனி கண்ணிற் படாமல் ஒரே சொட்டு இடுக. பின் கண்ணை மூடி, மூக்கையொட்டிய கண் மூலையை விரலால் இரண்டு நிமிஷம் மெல்ல அழுத்துக. மருந்து தொண்டைக்கும் இரத்தத்திற்கும் இறங்காமற் கண்ணில் தங்குதற்கு இது உதவும். இரண்டாம் மருந்து இருப்பின் ஐந்து நிமிஷம் கழித்து இடுக. ஆஸ்துமாவோ இருதய நோயோ உள்ளவர் அதனை முன்னரே வைத்தியரிடம் கூறுதல் வேண்டும். டைமலால் போன்ற மருந்துகள் அவர்க்கு ஆகா. உறங்குமுன் செபிக்கும் நேரம், பல் துலக்கும் நேரம் என்று நாள்தோறும் தவறாத ஒரு செயலோடு மருந்தைப் பிணைத்துக்கொண்டால் மறதி நேராது.

மாணவர் கடமை

மாணவ நண்பர்காள்! இக்கட்டுரை உங்கள் வயதினர்க்கு எற்றுக்கு என்று நீங்கள் எண்ணக்கூடும். உங்களிற் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருங்காலம் இன்னும் தொலைவில் உள்ளது மெய்யே. ஆனால் உங்களைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் தாய் தந்தையர் நாற்பதைக் கடந்தவர்கள். உங்கள் கட்டணத்திற்கென ஒதுக்கிய பணத்தில் தம் கண்ணுக்கென ஒரு ரூபாயும் செலவிட மனம் கொள்ளாதவர்கள். ‘எனக்கு நன்றாகத்தான் தெரிகிறது, தம்பி’ என்று அவர்கள் கூறுவார்கள். அச்சொல் சான்றாகாது என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள். இவ்விடுமுறையில் வீடு செல்லும்போது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பெருக்கற்குறியும் கரும்புள்ளியும் இட்டு, அவர்கள் கையிற் கொடுங்கள். புள்ளி மறைவதை அவர்களே காணட்டும். நீண்ட பிரசங்கத்தை விட அது நன்கு உணர்த்தும். அதன்பின் ஒரு நாளைக் குறித்து, அவர்களைக் கண் மருத்துவமனைக்கு நீங்களே அழைத்துச் செல்லுங்கள்.

எரிகோ வழியில் அமர்ந்து கூவிய குருடனைப் பற்றிய சுவிசேஷ வரலாற்றை நம் கல்லூரி ஆலயத்திற் பலமுறை கேட்டிருக்கிறோம். இழந்த கண்ணைத் திருப்பித் தரும் வல்லமை நம்மிடம் இல்லை. ஆனால் இழவாமற் காக்கும் அறிவை இறைவன் நம் காலத்தார்க்குத் தந்திருக்கிறான். அவ்வறிவை ஏட்டில் விட்டுவிடாமல் நம் இல்லத்து வாயில்வரை கொண்டு சேர்த்தல் கல்வி கற்ற ஒவ்வொருவர்க்கும் உரிய கடனாகும்.